வாசகர் கேள்வி–பதில்: பழைய கட்டடத்தில் சம்பந்தி வீட்டாரைத் தங்க வைக்கலாமா?

கேள்வி: வரும் தை மாதம் மும்பை மாட்டுங்காவில் என் மகளின் திருமணம். கோயம்புத்தூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரை, தென் மும்பையின் ஃபோர்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து அமைத்திருக்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட்களில் தங்க வைக்கலாம் என்கிறான் என் மகன். படங்களில் உயர்ந்த கூரையும் தேக்கு உத்தரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. மாப்பிள்ளையின் பாட்டிக்கு எண்பது வயது. முன்பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்? – ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: பாட்டியை மாட்டுங்காவிலேயே, கல்யாண மண்டபத்துக்கு அருகில், லிஃப்ட் உள்ள சாதாரண விடுதியில் தங்க வையுங்கள், இளையவர்களை ஃபோர்ட்டுக்கு அனுப்புங்கள். ஒரே இடத்தில் தங்க வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் குறை சொல்வார்களே என்று தயங்க வேண்டாம். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

காரணம் படிக்கட்டு. படத்தில் உங்களை மயக்கும் அந்த உயர்ந்த கூரைக்கு விலை கொடுப்பது முழங்கால்தான். ஒரு தளம் 14 அடி உயரம் என்றால், படி ஒன்றுக்கு 7 அங்குலம் வீதம் முதல் மாடிக்கே 24 படிகள் ஏற வேண்டும். அவையும் பெரும்பாலும் நடுவில் தேய்ந்து வழுவழுப்பான மரப்படிகள். லிஃப்ட் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். மும்பையில் 1995 முதல் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனி விதிமுறைகள் உண்டு. அவற்றின்படி முதல் தரப் பட்டியலில் உள்ள கட்டடத்தில், வலுப்படுத்துவதற்கு அவசியமானாலொழிய, உள்ளும் புறமும் கை வைக்கக் கூடாது. இரண்டாம், மூன்றாம் தரக் கட்டடங்களில் உட்புற மாற்றங்களுக்கு இடமுண்டு என்றாலும், வெளித்தோற்றத்தைத் தொடுவதென்றால் அனுமதி வாங்கியாக வேண்டும். ஆகவே லிஃப்ட் இல்லாததையும் ஏசியின் வெளிப்பெட்டி முகப்பில் தொங்காததையும் எப்போதும் உரிமையாளரின் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படிக்கட்டுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது குளியலறை வாசல். அந்தக் காலத்து மும்பைக் கட்டடங்கள் பலவற்றில் கழிப்பறைகள் பின்பக்கத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தன. இப்போது ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை கட்டும்போது, கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டுமென்பதால் அதன் தரையை அரை அடி வரை உயர்த்திவிடுகிறார்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து போகும் பெரியவர்கள் தடுக்கி விழுவது அந்த ஒற்றைப் படியில்தான். விளம்பரப் படங்களில் அது ஒருபோதும் தென்படாது. வாசலை மட்டும் தனியாகப் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். குளியலறைக்கு நேர் கீழே உள்ள தளத்தின் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்பதையும், நேரில் போனால், அண்ணாந்து பாருங்கள். மர உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் நீர் கசிந்தால், வெளியே தெரிவதற்கு முன் உள்ளே உளுத்துவிடும்.

இன்னொன்றையும் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லி வைப்பது நல்லது. இத்தகைய கட்டடங்களில் முழுவதையும் புதுப்பித்தவை குறைவு. ஒரு தளம் பளபளவென்று இருக்கும்; மற்ற தளங்களில் ‘பகடி’ முறையில் (பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்து, சொற்ப வாடகையில் தங்கும் மும்பையின் பழைய வாடகை முறை) தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களும் சிறு அலுவலகங்களும் இருக்கக்கூடும். பொதுப் படிக்கட்டில் மின்கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் கண்டு மிரள வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் நீங்கள் மிரள வேண்டிய இடமும் அதுவே: தீப்பிடித்தால் இறங்குவதற்கு இரண்டாவது வழி உண்டா, அது பூட்டப்படாமல் இருக்கிறதா என்று கேட்டு, திருப்தியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: “இருநூற்றைம்பது ஆண்டு பழமையான மாளிகை” என்று ஃபோர்ட்டில் ஒரு தங்குமிடத்தின் வரவேற்பறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்பலாமா? – ஒரு வாசகர், செம்பூர்

பதில்: சந்தேகத்தோடு படியுங்கள். ஃபோர்ட்டின் ஒரு பெரிய பகுதி 1803ஆம் ஆண்டுத் தீ விபத்தில் அழிந்தது. அந்தப் பகுதியைச் சூழ்ந்திருந்த கோட்டைச் சுவர்கள் 1860களில் இடிக்கப்பட்ட பிறகே இன்று நாம் பார்க்கும் பெருங்கட்டடங்கள் எழத் தொடங்கின. ஃபோர்ட்டை ஒட்டிய ஓவல் மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், ஆர்ட் டெக்கோ என்னும் கட்டடப் பாணியில் அமைந்த வீடுகளோ 1930களைச் சேர்ந்தவை. அவை கான்கிரீட் கட்டடங்கள். மைதானத்தின் இருபுறமும் சேர்ந்த அந்தத் தொகுதியை யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனவே நூறு, நூற்றைம்பது ஆண்டு என்று சொன்னால் பொருந்தும். அதற்கு மேல் போனால் ஆதாரம் கேட்கலாம். மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் அந்தக் கட்டடம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது.

பழமைக்கும் உறுதிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஃபோர்ட்டின் காலாகோடாவில் உள்ள எஸ்பிளனேட் மேன்ஷனே சாட்சி. இங்கிலாந்தில் வார்த்துக் கொண்டுவந்த இரும்புச் சட்டகத்தில் 1860களில் எழுந்த வாட்ஸன் ஹோட்டல் அது. சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். பின்னாளில் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, பராமரிப்பின்றிச் சீரழிந்து, கடைசியில் ஆட்களை வெளியேற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. ஆண்டுக் கணக்கைக் காட்டிலும், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

கேள்வி: ஜூலையில் இப்படிப் புதுப்பித்த ஒரு பழைய கட்டடத்தில் தங்கினோம். புதிதாக வண்ணம் பூசிய சுவர். ஆனாலும் அறை முழுக்க ஈர வாடை. ஏன்? – ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயின்டையும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதை மறைக்க மழைக்கு முன் மீண்டும் ஒரு கோட் அடிப்பார்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் உடனே அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். சுவரை அங்கங்கே கறையோடு விட்டு, சுண்ணாம்பு மட்டும் அடித்திருக்கும் இடம் படத்தில் எடுபடாது; இருந்தாலும் நான் அதைத்தான் நம்புவேன்.

கேள்வி: இத்தகைய தங்குமிடங்களின் விளம்பரத்தில் ‘சமையலறை வசதியுடன்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் தங்கினால் நம் சமையல் செய்ய முடியுமா? – ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: சாதம், ரசம், பொரியல் வரை கவலையில்லை. மரத்தளம் உள்ள கட்டடங்களில் பல இடங்களில் கேஸ் அடுப்பு கிடையாது. இன்டக்‌ஷன் அடுப்பே இருக்கும். அதில் குழிந்த தோசைக்கல் சரியாகச் சூடேறாது. அடி தட்டையான இரும்புக் கல்லைக் கொண்டு போங்கள். கீழ்த்தளத்தாருக்கு மரத்தளத்தின் வழியே ஒவ்வொரு சத்தமும் கேட்கும் என்பதால் அதிகாலையில் மிக்ஸியை ஓட்டாமல், சட்னியை முதல் நாள் இரவே அரைத்து வைத்துவிடுங்கள். காபி ஃபில்டரை எந்த இடத்திலும் தர மாட்டார்கள். பெட்டியில் முதலில் அதை வையுங்கள்.