வாசகர் கேள்வி – பதில்: ஈர்ப்பு விசைக்கு ஒரு கட்டுரைப் போட்டி

கேள்வி: ஈர்ப்பு விசை குறித்து அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் போட்டி நடக்கிறது. அதைத் தொடங்கியவர் ஈர்ப்பைத் தடுத்து நிறுத்தும் பொருளைத் தேடிய ஒரு வணிகர் என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் அந்தப் பரிசுக்கு அறிவியலில் என்ன மதிப்பு இருக்க முடியும்?
– முதுநிலை இயற்பியல் மாணவர், கொடைக்கானல்

பதில்: நண்பர் சொன்னது உண்மை. ரோஜர் பாப்சன் என்ற அந்த வணிகர் 1948-இல் ஈர்ப்பு ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். மறு ஆண்டிலிருந்து போட்டி நடக்கிறது. இளம் வயதில் தம் சகோதரி நீரில் மூழ்கி இறந்ததற்கு ஈர்ப்பு விசையே காரணம் என்று அவர் கருதினார். மின்சாரத்துக்குக் காப்பு உறை இருப்பதைப் போல ஈர்ப்புக்கும் ஒரு தடுப்பு கிடைக்கும் என்று நம்பினார். மின்னூட்டத்தில் நேர், எதிர் என இரு வகை இருப்பதால் ஒன்றை மற்றொன்றால் ஈடுகட்டித் தடுக்க முடிகிறது. நிறையிலோ ஒரே வகைதான் உண்டு, அதனால் அத்தகைய தடுப்புக்கு இடமில்லை.

ஆயினும் தவறான நம்பிக்கையில் பிறந்த அந்தப் போட்டியை விஞ்ஞானிகளே நேராக்கினார்கள். 1953-இல் பிரைஸ் டிவிட் என்ற இளம் இயற்பியலாளர், ஈர்ப்பைத் தடுக்கும் பொருளை நேரடியாகத் தேடுவது வீண் முயற்சி என்றும், முதலில் ஈர்ப்பின் அடிப்படைக் கோட்பாட்டை ஆராய வேண்டும் என்றும் அந்தப் போட்டிக்கே எழுதி அனுப்பினார். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. நிறுவனரின் விருப்பத்துக்கு எதிரான கட்டுரைக்குப் பரிசளித்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தக் கட்டுரை வழியாக டிவிட்டுக்கு வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில் ஓர் ஆய்வு நிலையம் அமைந்தது. 1957-இல் அங்கு நடந்த மாநாட்டில்தான், ஈர்ப்பு அலைகள், அதாவது நிறைகள் வேகமாக அசையும்போது கால-வெளியில் பரவும் அதிர்வுகள், உண்மையிலேயே ஆற்றலைச் சுமந்து செல்கின்றனவா என்ற கேள்வி தெளிவாக விவாதிக்கப்பட்டது. அந்த அலைகள் 2015 செப்டம்பரில், அவற்றை உணர்வதற்கென்றே அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவிகளில் பதிவாயின.

1971-இல் கருந்துளைகள் பற்றி எழுதி முதல் பரிசு பெற்றவர் ஸ்டீபன் ஹாக்கிங். 2008-இல் அதே பரிசு நம் நாட்டு இயற்பியலாளர் தாணு பத்மநாபனுக்குக் கிடைத்தது. கட்டுரை 1500 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது விதி. சமன்பாடுகளின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தராத அந்தக் கட்டுப்பாடுதான் போட்டியின் பெரிய நன்மை என்பது என் கருத்து. பழகிய ஆய்வாளரும் தம் எண்ணத்தின் மையத்தைத் தேடிப் பிடித்தே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் மாணவர்களுக்கும் ஈர்ப்பு விசை பற்றி ஒரு கட்டுரைப் போட்டி வைக்க விரும்புகிறேன். பாடப்புத்தகத்தைத் திருப்பி எழுதாமல் இருக்க, எங்கள் மலைக்கே உரிய பொருள் ஏதும் உண்டா?
– பள்ளி ஆசிரியை, கொடைக்கானல்

பதில்: நல்ல பொருள்கள் இரண்டு உண்டு. முதலாவது, 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே கண்டறிந்த ஜான் எவர்ஷெட், பின்னர் ஐன்ஸ்டீனின் கணிப்பொன்றைச் சோதிப்பதில் பல ஆண்டுகள் செலவிட்டார். சூரியனின் ஈர்ப்பிலிருந்து ஒளி வெளியேறும்போது அதன் அலைநீளம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்பது அந்தக் கணிப்பு. அளந்த எண்களோ சூரிய ஒளியின் நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளில் கோட்டுக்குக் கோடு மாறின. சூரியப் பரப்பில் கொதித்தெழும் வாயுக்களின் ஓட்டமும் அதே அளவுக்கு ஒளியை நகர்த்தியதே சிக்கலுக்குக் காரணம். தொடக்கத்தில் ஐயத்தோடு இருந்த எவர்ஷெட், 1923-இல் ஓய்வு பெறும் காலத்தை ஒட்டி ஐன்ஸ்டீன் பக்கம் சாய்ந்தார். அவர் ஐயுற்றதையும் மனம் மாறியதையும் மாணவர்கள் விரித்து எழுதலாம்.

இரண்டாவது பொருளை அவர்கள் தம் கையாலேயே அளந்து பார்க்கலாம். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தால், உயரத்தால் ஈர்ப்பு சற்றுக் குறைவதால் அது நாளொன்றுக்கு 15 முதல் 25 விநாடி வரை பின்தங்கும். மலையின் அடர்த்தியும் அந்த அளவை மாற்றுகிறது என்பதால் துல்லியமான எண்ணை அளந்தே அறிய வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு: ஊசலின் தண்டு எஃகாக இருந்தால் குளிரில் அது சுருங்கி, வெப்பநிலை 10 டிகிரி குறையும்போது கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 விநாடி முந்தும். ஆகவே குளிரின் பங்கையும் உயரத்தின் பங்கையும் பிரித்துக் காட்டும்படி மாணவர்களிடம் கேளுங்கள். அப்படிப் பிரித்துக் காட்டும் கட்டுரை கிடைத்தால் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். மாணவர் பெயருடன் முழுமையாக வெளியிடுகிறோம்.