சோலோவில் உடைந்த மூக்குச் சக்கரம்

கேள்வி: என் மகன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். போன வாரம் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் தனியாக (சோலோ) பறந்து இறங்கும்போது விமானம் துள்ளித் துள்ளி விழுந்து, மூக்குச் சக்கரம் உடைந்து, புரொப்பல்லர் ரன்வேயில் அடித்துவிட்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் யாரோடும் பேசுவதில்லை. பைலட் ஆகும் ஆசை இதோடு போய்விடுமா? - ஒரு தாய், நாமக்கல்

பதில்: போகாது அம்மா. பிள்ளை தானே நடந்து வெளியே வந்தானே, முதலில் அதற்குச் சந்தோஷப்படுங்கள். நானும் பயிற்சி கொடுத்தவன்தான். இந்த விபத்தில் மாட்டுகிற பிள்ளைகள் திறமை இல்லாதவர்கள் அல்ல.

முதல் துள்ளலில் பெரும்பாலும் ஒன்றும் உடையாது. விமானம் எழும்பியதும் மாணவன் பதறி, மூக்கை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலை முன்னால் தள்ளிவிடுவான். மூக்கு கவிழும். பின்சக்கரங்கள் வாங்க வேண்டிய அடியை மூக்குச் சக்கரம் வாங்கும். மறுபடி எம்பும், இவன் இழுப்பான், அப்புறம் தள்ளுவான். ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடப் பலமாக விழும்.

துள்ளலுக்கு முதல் காரணம் வேகம். 172-ல் ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்னால் கீழே இறங்கும் பலகையை, முழுக்க இறக்கி 60 முதல் 70 நாட் (விமான வேகத்தின் அளவு) வேகத்துக்குள் வர வேண்டும். 65-க்குப் பதில் 75-ல் வந்தால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சோலோவில் பக்கத்து சீட்டில் இன்ஸ்ட்ரக்டரும் இல்லை. எடை குறைந்த விமானம் தரைக்கு வராமல் மிதந்துகொண்டே போகும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டியது சொல்லிக்கொடுப்பவர் பொறுப்பு.

புரொப்பல்லர் தரையில் அடித்தால் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது எஞ்சின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் விதி. செலவு பெரிது, பள்ளியில் கோபப்படுவார்கள். அதை உங்கள் மகனின் எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரணையில் என்ன வேகத்தில் வந்தான், எப்போது தள்ளினான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். விபத்து விசாரணை இனி நடக்காமல் தடுப்பதற்குத்தான், பழி சுமத்த அல்ல என்று சர்வதேச விதியே சொல்கிறது.

அவன் இப்போது பழக வேண்டியது ஒன்றுதான். விமானம் பலமாக எம்பினால் தரையைத் தேடக் கூடாது. எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுசாகத் தள்ளி, மூக்கை நிதானமாகப் பிடித்து, ஃப்ளாப்பை 20 டிகிரிக்கு எடுத்து மேலே போய், ஒரு சுற்று சுற்றி வந்து இறங்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் கூட உட்கார்ந்து இதைக் கை பழகும்வரை செய்ய வைக்க வேண்டும். அது நடக்காமல் மறுபடி சோலோ அனுப்பினால், நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.