படம் ஊத்திக்கிட்டா எடிட்டர் கதி என்ன? ப்ளஸ் டூ பையனோட அம்மாவுக்கு

வணக்கம்மா. பையன் எடிட்டிங் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், பெரிய பட்ஜெட் படம் ஒன்னு ஓடலன்னா அவன் பொழப்பே போயிடாதான்னு கேட்டிருக்கீங்க. நியாயமான பயம் தான். அவனுக்கு இந்த ஆசை வந்ததே பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் பார்த்துட்டுன்னு சொன்னீங்கல்ல, கடல் கொள்ளைக்காரங்க படத்தையே வச்சு பேசுவோம்.

1995ல கட்த்ரோட் ஐலேண்ட்னு ஒரு படம் வந்துச்சு. சுமார் 10 கோடி டாலர் செலவு, மால்டாலயும் தாய்லாந்துலயும் ஷூட்டிங், அமெரிக்கால வசூல் ஆனது 1 கோடி டாலர் அளவுக்கு தான். எடுத்த கரோல்கோ கம்பெனி படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முன்னாடியே திவால். ஆனா அதோட எடிட்டர்ஸ்ல ஒருத்தர் ஃப்ராங்க் யூரியோஸ்டே, 1998ல லெத்தல் வெப்பன் 4ல வேலை பார்த்துட்டு இருந்தாரு, ஏன்னா ராபோகாப், டை ஹார்ட் எல்லாம் கட் பண்ணவர் அவர், அந்த கை இன்னும் அவர்கிட்ட தானே இருக்கு. இன்னொருத்தர் ரால்ஃப் வின்டர்ஸ், அப்போ அவருக்கு 86 வயசு! 1928ல எம்ஜிஎம் ஸ்டுடியோல அசிஸ்டென்ட்டா சேர்ந்து, எடிட்டர்னு பேர் வரவே 10 வருஷத்துக்கு மேல ஆகி, அப்புறம் பென்ஹர் உட்பட ரெண்டு படத்துக்கு ஆஸ்கர் வாங்குனவரு. இந்த ஒரு ஃபிளாப்பால அவர் பேர்ல ஒரு கீறல் கூட விழல.

அதனால நீங்க பயப்பட வேண்டியது ஃபிளாப்புக்கு இல்லம்மா, அந்த முதல் பத்து வருஷத்துக்கு. அசிஸ்டென்ட்டா இருக்கும்போது சம்பளம் கம்மி, ரிலீஸ் நெருங்கினா ராத்திரி பகல் கிடையாது, படம் முடிஞ்சா அடுத்த படம் வர்ற வரைக்கும் கையில காசு இருக்காது. இதுக்கு வீட்ல தாங்க முடியுமான்னு இப்பவே உக்காந்து பேசுங்க.

வேலை எப்படி இருக்கும்னு பையனுக்கும் தெரியணும். பைரேட்ஸ் ரெண்டாம் பாகத்துல டேவி ஜோன்ஸ்னு வர்ற வில்லன் கேப்டன் மூஞ்சில ஆக்டோபஸ் கை மாதிரி நெளியுதே, ஷூட்டிங்ல அது எதுவும் இல்ல, நடிகர் பில் நை சாம்பல் கலர் டிரெஸ்ல முகத்துல புள்ளி வச்சிட்டு நிக்கிறாரு, அவ்ளோ தான். எடிட்டர் அந்த புள்ளி மூஞ்சிய பார்த்து தான் எங்க கட் பண்ணணும்னு முடிவெடுக்கணும், ஏன்னா ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது படத்துல ஓடுற ஒவ்வொரு தனித்தனி போட்டோவும், கிராபிக்ஸ் கம்பெனிக்கு போனா காசு. அந்த ஷாட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு, முன்னாடி பின்னாடி சில ஃப்ரேம் கூட சேர்த்து அனுப்பி, திரும்பி வர்ற ஒவ்வொரு வெர்ஷனையும் டைம்லைன்ல (ஷாட்டெல்லாம் வரிசையா அடுக்கி வைக்கிற இடம்) மாத்தி வைக்கிறதுக்குன்னே விஎஃப்எக்ஸ் எடிட்டர்னு தனி ஆள் உண்டு. பையன் கணக்கா, ஒழுங்கா வேலை செய்ற டைப்னா இது நல்ல வழி, நிறைய பேருக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதே தெரியாது.

பைரேட்ஸ் முதல் பாகத்தோட மூணு எடிட்டர்ல ஆர்தர் ஷ்மிட்டோட அப்பாவே எடிட்டர், ஆனா கிரெய்க் வுட், டைரக்டர் கோர் வெர்பின்ஸ்கியோட முந்தின படங்கள்லயே கூட இருந்தவரு. சினிமால சொந்தக்காரங்க இல்லையேன்னு கவலைப்படுறீங்களே, காலேஜ்ல கூட படிக்கிற டைரக்ஷன் பசங்க தான் அவனுக்கு சொந்தம், அதுக்காகவே இன்ஸ்டிட்யூட் முக்கியம்னு நான் அடிச்சு சொல்லுவேன். ப்ளஸ் டூ முடிச்சதும்னா தரமணி எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரி, டிகிரிக்கு அப்புறம்னா புனேல இருக்கிற எஃப்டிஐஐ, கொல்கத்தால இருக்கிற எஸ்ஆர்எஃப்டிஐ, ரெண்டும் மத்திய அரசோட சினிமா இன்ஸ்டிட்யூட். லட்சக்கணக்குல ஃபீஸ் கேட்டு சாஃப்ட்வேர் மட்டும் சொல்லித் தர்ற இடத்துல தயவுசெஞ்சு சேர்த்துடாதீங்க, டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது.

லீவுல அதை போட்டுக் குடுத்து, பிரெண்ட்ஸ வச்சு ரெண்டு பேர் பேசிக்கிற ஒரு சீன் எடுத்து, அதையே மூணு விதமா கட் பண்ணச் சொல்லுங்க. மூணாவது தடவையும் ஆசையா உக்காந்தான்னா, அப்ளிகேஷன் எப்போ வருதுன்னு பார்த்து போட்டுடுங்கம்மா.