கதிர்ச் சிகிச்சை எடுத்த இடத்தில் புண் ஆறவில்லை, பிஆர்பி உதவுமா?

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு மார்பில் கதிர் பிடித்து ஒன்றரை வருடமாகியும் புண் ஆறவில்லை, பிஆர்பி (சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா) போடலாமா என்று. உதவலாம், ஆனால் அது முதல் வேலை இல்லை.

கதிர் புற்றுக்கலத்தை மட்டும் அடிப்பதில்லை. அந்த இடத்து நுண்ணிய இரத்தக் குழாய்களும் சுருங்கி அடைபட்டு, தோலைக் கட்டியெழுப்பும் கலங்களும் சோர்ந்துவிடும், அதனால் கவாத்து வெட்டிய தேயிலை தளிர்ப்பது மாதிரி அந்த இடம் தானாகத் தளிர்க்காது. பிஆர்பி என்றால் அம்மாவின் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்த குழாயில் விட்டுச் சுழற்றுவார்கள். செங்குழியங்கள் அடியில் தங்க, மேலே மஞ்சளாக நிற்கும் பிளாஸ்மாவில் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் புண்ணில் ஊசியாகவோ ஜெல்லாகவோ இடுவார்கள். சிறுதட்டுகள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் புதுக் குழாய்கள் முளைக்கத் தூண்டும்.

சான்று? பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான். புற்றுநோய் அங்கேயே திரும்பியிருந்தால் இந்தத் தூண்டல் அதற்கும் தீனியாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. ஆகவே முதலில் புண் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து பயொப்சி செய்ய வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கீமோ நடக்கிறதென்றால் சிறுதட்டுகள் குறைந்திருக்கலாம், அந்த எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். கண்டிக்கு கிளினிக் போகும்போது பழைய கதிர்ச் சிகிச்சைச் சீட்டுகளை மறக்காமல் கொண்டுபோங்கள். அப்புறம், அதுவரை மஞ்சள், பச்சிலை எதையும் புண்ணில் அப்ப வேண்டாம்.