லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: பூட் சிக்கல் கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் 11 அப்டேட் ஆனதிலிருந்து, விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் கிரப் மெனுவே வருவதில்லை, நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. உபுண்டு அழிந்துவிட்டதா அண்ணா?

பதில்: அழிந்திருக்காது. அவசரப்பட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய உட்காராதீர்கள். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, லேப்டாப்பை எழுப்பும் மென்பொருள்) உள்ள லேப்டாப்பில், சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடர்கள் இரண்டும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன ஃபேட்32 பகுதியில், தனித்தனி ஃபோல்டரில் கிடக்கும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். பெரும்பாலும் மாறியிருப்பது அந்த வரிசைதான். எஃப்2, எஃப்12, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு கீ வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் உங்களுடையதை அழுத்தி, பூட் மெனுவில் உபுண்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸ் செட்டிங்கில் அதை மேலே ஏற்றிவிட்டால் முடிந்தது. பெயரே காணோம் என்றால் உபுண்டுவை நேரடியாக ஓட்டும் லைவ் யுஎஸ்பி போட்டு கிரப்பை மட்டும் திரும்ப நிறுவுங்கள். அந்த யுஎஸ்பியையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் ஏறினால் உபுண்டுவின் பெயர் மெனுவில் பதியாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். கிரப் வருகிறது, அதில் விண்டோஸைக் காணோம்.

பதில்: 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது. பாதுகாப்புக் காரணமாக அணைத்து வைத்தார்கள். கிரப்பின் டீஃபால்ட் செட்டிங் ஃபைலில் 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், ஒன்று யூஇஎஃப்ஐ, இன்னொன்று லெகசி என்று கலந்து நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: சார், யாரோ சொன்னதைக் கேட்டு, கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது விண்டோஸ் 48 இலக்க எண் கேட்கிறது!

பதில்: அது டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. பூட் ஆகும் விதம் மாறியதை, சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் கவனித்து, டிஸ்கின் சாவியைத் தர மறுக்கிறது. செக்யூர் பூட்டைப் பழையபடி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேட்காமல் திறந்துவிடும். இல்லையென்றால் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கலாம், வேறு போனிலிருந்து லாகின் செய்து தேடுங்கள். அங்கும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை என்றால் கடைக்காரர் யாரும் திறந்து தர முடியாது. சொல்லப்போனால் உபுண்டுவுக்காக செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையே இல்லை. உபுண்டுவில் முதலில் ஏறும் ஷிம் என்ற சின்ன பூட்லோடர் மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தோடுதான் வருகிறது. இனி பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் டி டிரைவைத் திறந்தால் எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் மணியும் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது.

பதில்: முதலாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், அதனால் உபுண்டு அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கும். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் அதை அணையுங்கள். மணி விஷயம்: உபுண்டு மதர்போர்டின் கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

கேள்வி: உபுண்டு வேண்டாமென்று விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை டெலீட் செய்தேன். கருப்புத் திரையில் கிரப் என்று மட்டும் நிற்கிறது.

பதில்: பார்ட்டிஷன் போனது, இஎஃப்ஐ பகுதியில் கிரப் இருக்கிறது. அது தன் மெனு ஃபைலைத் தேடிக் காணாமல் நிற்கிறது. பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள், வரிசையிலும் அதையே முதலில் வையுங்கள். மிச்சமிருக்கும் உபுண்டு ஃபோல்டரை நிதானமாக நீக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைத் தொட்டுவிடாதீர்கள்.