எம்எச்370: கேள்விகளும் என் பதில்களும்

மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் காணாமல்போன மலேசிய விமானமான எம்எச்370 பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பெரம்பூர் வாசகி: விமானிதான் வேண்டுமென்றே கடலில் விழுத்தினார் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். உண்மையா, ஐயா?

உங்கள் தம்பி எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று புரிகிறது, அம்மா. மலேசிய நேரப்படி இரவு 1.19க்கு விமானியறையிலிருந்து கடைசிப் பேச்சு. இரண்டே நிமிடத்தில் விமானம் ரேடார் திரையிலிருந்து மறைந்து, மேற்கே திரும்பியது. அந்தத் திருப்பம் ஆட்டோபைலட்டால் (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி) அல்ல, கையால் நடந்தது என்றது 2018 மலேசிய அறிக்கை. விமானியின் வீட்டு சிமுலேட்டரில் (பறந்து பழகும் கணினிக் கருவி), விமானம் விழுந்ததாகக் கருதப்படும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிப் புள்ளிகளும் பதிவாகியிருந்தன. ஆனால் யாருடைய கை? அதே அறிக்கை வேறொருவரின் தலையீட்டையும் ஒதுக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்றே முடித்தது. கறுப்புப் பெட்டி கிடைக்காமல் இறந்தவரைக் கொலைகாரர் என்பது பெரும் பாவம். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

வேளச்சேரி மாணவர்: சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தனவே, தீப்பிடித்திருக்குமோ?

நியாயமான சந்தேகம், தம்பி. ஆனால் நான் ஏற்கவில்லை. காலை 8.19 வரை விமானத்தின் கருவி செயற்கைக்கோளுக்குத் தானாகப் பதில் கொடுத்திருக்கிறது. ரேடியோவை எரித்த தீ, ஏழு மணி நேரம் பறக்க விட்டிருக்குமா? அதோடு இரவு 2.25க்கு, அறுந்திருந்த செயற்கைக்கோள் இணைப்பு மீண்டும் உயிர்பெற்றது. அதைத் தீ செய்யாது.

அண்ணா நகர் வாசகர்: செயற்கைக்கோள் இருந்தும் இடம் தெரியவில்லையா?

காலை 8.19க்கு வந்த கடைசிச் சமிக்ஞை, செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொன்னது; எந்த இடம் என்று சொல்லவில்லை. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில் நிற்கிறேன் என்று நீங்கள் சொன்னால், நுங்கம்பாக்கமா வேறு எங்காவதா என்று நான் எப்படி அறிவேன்? கடலில் அது மிக நீண்ட வளைகோடு. 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள்.

தாம்பரம் வாசகி: இனி கிடைக்குமா?

உங்கள் ஊரிலிருந்து 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் நினைவிருக்கிறதா, அம்மா? பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம்பிடித்தது. 2024 ஜனவரியில்தான் உறுதியானது. ஏழரை ஆண்டுகள்! எம்எச்370க்கோ 2015இலேயே, இந்தியப் பெருங்கடலின் மேற்கிலுள்ள ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு முதல் தடயமாகக் கிடைத்துவிட்டது. ஆகவே கிடைக்கும் என்றே நம்புகிறேன்; தேடுவதை நிறுத்தக் கூடாது.