பணத்தைத் தொடவில்லை என்றால் தப்பிக்க முடியுமா?

கேள்வி: கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சுக் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்" என்றார் சீனியர் ஒருவர். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அதற்காகவே வாங்கிய சிம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அறை நண்பனும் கொடுத்தான். இப்போது என் கணக்கை முடக்கிவிட்டார்கள். வெளிமாநில சைபர் போலீஸ் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. வந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் எடுக்கவில்லை. வீட்டுக்குத் தெரியாது. கைது செய்வார்களா?

பதில்: தம்பி, முதலில் இன்று இரவே அப்பாவிடம் சொல்லுங்கள். போலீஸ் வீட்டு வாசலில் வந்து நின்று அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

மோசடிக்காரர்கள் ஏமாற்றிய பணத்தை இப்படிக் காசு கொடுத்து வாங்கிய கணக்குகள் வழியாகத்தான் கைமாற்றுகிறார்கள். பணத்தை எடுக்கவில்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன்படி மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை. விவகாரம் அமலாக்கத் துறை வரை போனால், 2002-ம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு. தெரிந்தே உதவியவரும் அதில் குற்றவாளிதான். அதனால், என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான் துருவுவார்கள். சும்மா கிடக்கும் கணக்குக்கு யார் மாதம் ஐயாயிரம் தருவார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

உங்கள் பக்கம் பேசக்கூடியது வாட்ஸ்அப் உரையாடல். பயத்தில் பலரும் முதலில் அழிப்பது அதைத்தான். ஒரு வரிகூட அழிக்காதீர்கள். சீனியர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், ஐயாயிரம் வந்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "நான் பார்த்துக்கறேன், நீ பேசாம இரு" என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். நோட்டீஸ் உங்கள் பெயரில் வந்திருக்கிறது, அவர் பெயரில் இல்லை.

நோட்டீஸ், குற்ற விசாரணை நடைமுறைக்கான சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 35(3)-ன் கீழ் வந்திருந்தால் ஒருவகையில் நல்லது. சொன்ன தேதியில் ஆஜராகி ஒத்துழைப்பவரை, எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தனியாகப் போகாதீர்கள். போகும் முன் வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள், முன்ஜாமீன் தேவையா என்று அவர் சொல்வார். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் 15100-க்குப் பேசுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. அப்புறம், உங்கள் பெயரில் உள்ள அந்த சிம்மை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் அறை நண்பனின் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டீஸ் வரட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வங்கி திறந்ததும் போய், கார்டை முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளட்டும்.